ஊசி தொடாத இடம்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1840-களின் நடுவில் தொடங்கி ஏறக்குறையப் பத்தாண்டுகள் ஒரு வகைப் போர்வை செழித்தது. பால்டிமோர் ஆல்பம் குவில்ட் என்பார்கள். வெள்ளைத் துணியின் மேல் சிவப்பும் பச்சையுமாகப் பூக்கூடை, மலர் வளையம், பறவை, கப்பல் என்று வெட்டிய துணிகளை வைத்துத் தைப்பது அப்ளிக் வேலை. அப்படிச் செய்த கட்டங்களைச் சேர்த்து, அடியில் பஞ்சு பரப்பி, அதற்கும் கீழே ஒரு துணி விரித்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்தால் குவில்ட். இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் இந்தப் போர்வைகளில் முதலில் கண்ணைப் பிடிப்பவை பூக்கள்தான். தைத்தவரின் கைத்திறனோ பின்னணியில் இருக்கிறது. வெள்ளைத் துணியில் ஓடும் தையல்கோடு ரோஜாவின் விளிம்புவரை வந்து நிற்கிறது. மறுபக்க விளிம்பில் அதே நேரில் மீண்டும் தொடங்குகிறது. பூவின் மேல் ஒரு தையல்கூட விழவில்லை. ஆனாலும் கோடு பூவுக்குப் பின்னால் ஓடி வெளியே வந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

கையால் தைத்த பெண்களுக்கு இது எளிதில் கைகூடியது. விளிம்பை அடைந்ததும் ஊசியை மேலே எடுக்காமல் பஞ்சுக்குள்ளேயே நகர்த்தி அடுத்த கோட்டுக்குக் கொண்டுபோவார்கள். நூல் அறுவதில்லை, முடிச்சும் விழுவதில்லை. நிற்க வேண்டிய இடத்தைக் கண் சொல்லும், கை நிற்கும். இதே வேலையைக் கணினி ஓட்டும் லாங்ஆர்ம் இயந்திரத்திடம் கொடுத்தபோதுதான், அந்தப் பெண்கள் யோசிக்காமல் செய்துவந்த காரியத்துக்குள் எவ்வளவு கணிதம் இருக்கிறது என்பது வெளிப்பட்டது.

கண்ணின் பங்கை முதலில் பார்த்துவிடலாம். நம் மூளை துண்டு துண்டான கோடுகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள விரும்புவதில்லை. ஒரே திசையில் போகும் இரண்டு துண்டுகளை ஒரே கோடாகச் சேர்த்துக்கொள்ளும். ஜெர்மானிய உளவியலாளர் மாக்ஸ் வெர்ட்ஹைமர் 1923-இல் இதை ஒரு விதியாகவே எழுதினார். பின்னர் இத்தாலியின் கயடானோ கனிட்சா, ஒரு பொருளால் மறைக்கப்பட்ட பகுதியை மூளை எவ்வாறு தானே நிரப்பிக்கொள்கிறது என்று விரிவாக ஆராய்ந்தார். பூவுக்குப் பின்னால் கோடு இருக்கிறது என்ற உணர்வு அந்த நிரப்புதலின் விளைவு. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரு பக்கத் துண்டுகளும் ஒரே கோட்டின் பகுதிகளாகவே இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் விலகினாலும் மாயம் கலைந்துவிடும். பூவைச் சுற்றி ஏதோ கிறுக்கியது தெரியும். ஆகவே பின்னணியைப் பூவைச் சுற்றித் துண்டு துண்டாக வரைவது சரியான வழியாகாது. பூவே இல்லை என்று வைத்துக்கொண்டு வடிவம் முழுவதையும் பரப்ப வேண்டும். அதன் பிறகு பூ இருக்கும் இடத்தில் மட்டும் மறைக்க வேண்டும். மென்பொருளுக்கு மென்பொருள் மாஸ்க், டிரிம், கிராப் என்று பெயர் மாறினாலும் நடக்கும் வேலை இதுதான்.

வீட்டுத் தையல் இயந்திரத்தில் இயந்திரம் நிற்க, துணியை நகர்த்துகிறோம். லாங்ஆர்மில் துணி நிற்க, இயந்திரம் நகர்கிறது. பத்துப் பன்னிரண்டு அடி நீளமுள்ள சட்டத்தில் மூன்று அடுக்கும் உருளைகளில் சுற்றி இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தையல் தலை தண்டவாளங்களின் மேல் இடவலமாகவும் முன்பின்னாகவும் ஓடும். அதன் கழுத்தின் உள்நீளம் 18 முதல் 30 அங்குலம் வரை இருப்பதால்தான் இந்தப் பெயர். சக்கரங்களில் பொருத்திய உணரிகள் தலை எவ்வளவு நகர்ந்தது என்று அளந்துகொண்டே இருக்கும். அந்த அளவுக்கு ஏற்ப ஊசி இறங்கும். வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் என்ற சீர் மாறாது. இதில் இரண்டு மோட்டார்களையும் ஒரு கணினியையும் சேர்த்தால் தலை தானே ஓடும். கம்மில் நிறுவனத்தின் ஸ்டாட்லர், இன்டெல்லிகுவில்ட்டர், ஹேண்டி குவில்ட்டரின் புரோ ஸ்டிச்சர் போன்றவை அமெரிக்கக் குவில்ட்காரர்களிடையே நன்கு அறிமுகமான கணினி அமைப்புகள்.

கணினிக்குக் கொடுக்கும் வடிவம் பெரும்பாலும் ஒரே ஓட்டத்தில் முடியும் கோடாக இருக்கும். போர்வையின் இடது ஓரத்தில் தொடங்கி, சுருண்டு, மடங்கி, இலையும் கொடியுமாக வளைந்து வலது ஓரத்தில் முடியும். நம் சிக்குக் கோலத்தில் கை எடுக்காமல் இழுக்கும் ஒற்றைக் கம்பி எப்படியோ அப்படி. (கோலத்தையும் கணினி அறிவியல் விட்டுவைக்கவில்லை. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் 1974-இல் வெளியிட்ட ஆய்வில் கோலங்களை உருவாக்கும் விதிகளைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டினார்.) குவில்டில் ஒற்றைக் கம்பிக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. ஊசி நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் நூலைக் கட்ட வேண்டும். இடையில் நிற்காத கோட்டுக்குத் தொடக்கத்தில் ஒரு கட்டு, முடிவில் ஒரு கட்டு, அவ்வளவே.

மறைப்பு இந்த ஒற்றைக் கம்பியை வெட்டுகிறது. சிக்கல் முழுவதும் அங்கேதான் பிறக்கிறது.

வெட்டுவதற்கு முன் பூ எங்கே இருக்கிறது என்று இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். அதற்குக் கண் கிடையாது. தைப்பவர் தையல் தலையைக் கையால் நகர்த்தி, ஊசி முனையைப் பூவின் விளிம்பில் ஒரு புள்ளிக்குக் கொண்டுவந்து பொத்தானை அழுத்துகிறார். அந்தப் புள்ளியின் இட எண்கள் பதிவாகின்றன. அடுத்த புள்ளி, அதற்கடுத்தது என்று விளிம்பைச் சுற்றி வந்தால் மென்பொருள் அவற்றை நேர்கோடுகளால் இணைத்து ஒரு பலகோணம் வரைந்துகொள்ளும். எத்தனை புள்ளிகள் போதும்? 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டப் பூவை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் 8 புள்ளிகள் வைத்தால், இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள நேர்கோடு வட்டத்தின் விளிம்பிலிருந்து 5.7 மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். அந்த ஆறு மில்லிமீட்டர் இடுக்கில் பின்னணித் தையல் இதழின் மேலேயே ஏறும். 16 புள்ளிகள் வைத்தால் பிழை 1.4 மில்லிமீட்டர். 32 வைத்தால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. புள்ளிகளை இரட்டித்தால் பிழை பாதியாகாது, கால்பங்காகிவிடும். வளைவு கூர்மையாக உள்ள இடத்தில் புள்ளிகளை நெருக்கி வைப்பதும், நேரான தண்டில் இரண்டோடு விடுவதும் அனுபவசாலிகளின் வழக்கம். அந்த வழக்கத்தின் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

பதிவான பலகோணத்தை மென்பொருளில் ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ வெளிப்பக்கம் தள்ளி வைப்பதும் நல்லது. துணி நகரும், கை நடுங்கும். பூவுக்கும் பின்னணிக்கும் இடையே மெல்லிய வெறுமை இருந்தால் கண் பொறுத்துக்கொள்ளும். பூவின் மேல் ஏறிய ஒரு தையலைப் பொறுக்காது.

இனி ஒவ்வொரு தையல் புள்ளியும் பலகோணத்துக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று கணினி முடிவு செய்ய வேண்டும். நமக்குப் பார்த்தவுடன் தெரியும். எண்களை மட்டுமே அறிந்த கணினிக்குத் தெரியாது. அது கையாளும் உபாயம் மிக அழகானது. அந்தப் புள்ளியிலிருந்து ஏதாவது ஒரு திசையில் ஒரு நேர்கோட்டை முடிவில்லாமல் நீட்டுகிறது. அந்தக் கோடு விளிம்பை எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணுகிறது. ஒற்றைப்படை என்றால் புள்ளி உள்ளே. இரட்டைப்படை என்றால் வெளியே. தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாத மூடிய வளைகோடு தளத்தை உள், வெளி என்று சரியாக இரண்டாகப் பிரிக்கும் என்பதை நிறுவ முனைந்தவர் பிரெஞ்சுக் கணிதர் கமீல் ஜோர்டான். 1887-இல் அவர் வெளியிட்ட அந்தத் தேற்றம் இன்று அவர் பெயரிலேயே வழங்குகிறது. சொன்னால் இதற்கு நிரூபணம் எதற்கு என்று தோன்றும். ஆனால் எந்த வளைகோட்டுக்கும் பொருந்தும்படி நிறுவுவது எளிதாக இருக்கவில்லை.

இந்த எண்ணிக்கை முறையின் பலம் மலர் வளையத்தில் தெரியும். வளையத்தின் மேல் தையல் கூடாது. ஆனால் நடுவிலுள்ள வெள்ளைத் துணியில் பின்னணி வேண்டும். வெளி விளிம்பு ஒன்று, உள் விளிம்பு ஒன்று என்று இரண்டு எல்லைகளைப் பதிவு செய்தால் போதும். நடுவில் இருக்கும் புள்ளியிலிருந்து நீட்டிய கோடு இரண்டு எல்லைகளையும் கடக்கும். இரண்டு இரட்டைப்படை. எனவே நடுப்பகுதி வெளியே என்று கணக்காகி, அங்கே தையல் விழும். வளையத்தின் மேலுள்ள புள்ளிக்குக் கடப்பு எப்போதும் ஒற்றைப்படை; அங்கே விழாது. தனி விதி எதுவும் தேவையில்லை.

பலவீனமும் இதே முறையில்தான் இருக்கிறது. விளிம்பைச் சுற்றிவரும்போது ஒரு புள்ளியை விட்டுவிட்டுப் பிறகு திரும்பி வந்து பதிவு செய்தால், எல்லைக்கோடு தன்னைத்தானே வெட்டிக்கொண்டு எட்டு வடிவில் திருகிவிடும். ஜோர்டானின் நிபந்தனை உடைந்துபோகிறது. பூவின் ஒரு பகுதி மறைப்புக்கு வெளியே தள்ளப்படும். ஊசி அதன் மேலேயே ஓடும். தைக்கத் தொடங்கும் முன் திரையில் எல்லைக்கோட்டை ஒரு முறை முழுதாகப் பார்த்துவிடுவது இதனால்தான் அவசியம்.

வெட்டும் வேலைக்கு வருவோம். கோட்டின் இரு முனைகளும் வெளியே இருக்கின்றன என்பதற்காக அந்தக் கோடு முழுவதும் வெளியே இருக்கிறது என்று சொல்ல முடியாது. நடுவில் ஓர் இதழைக் குறுக்கே கடந்திருக்கலாம். எனவே வடிவத்தின் வளைவுகளைச் சின்னஞ்சிறு நேர்கோடுகளாக உடைத்து, ஒவ்வொன்றும் எல்லையின் எந்தப் பக்கத்தை எங்கே வெட்டுகிறது என்று கணக்கிட வேண்டும். கணினி வரைகலையில் இது பழைய பிரச்சினை. முன்னால் நிற்கும் பொருள் பின்னால் உள்ள கோடுகளை மறைக்க வேண்டுமே, அதைக் கணினிக்கு எப்படிச் சொல்வது என்று 1963-இல் எம்ஐடியில் லாரன்ஸ் ராபர்ட்ஸ் தம் முனைவர் ஆய்வில் வழி கண்டார். 1967-இல் டேனி கோஹனும் ஐவன் சதர்லாந்தும் செவ்வகச் சட்டத்துக்குள் கோடுகளை விரைவாக வெட்டும் முறையை உருவாக்கினார்கள். எந்த ஒழுங்கற்ற வடிவத்தையும் இன்னோர் ஒழுங்கற்ற வடிவத்தால் வெட்டும் முறையை கெவின் வைலரும் பீட்டர் ஆதர்ட்டனும் 1977-இல் தந்தார்கள். திரையில் ஒரு கட்டடத்துக்குப் பின்னால் இன்னொரு கட்டடம் மறைவதும், துணியில் ஒரு ரோஜாவுக்குப் பின்னால் தையல்கோடு மறைவதும் கணிதத்துக்கு ஒரே கேள்வி.

திரையில் கோட்டை மறைத்தால் வேலை முடிந்தது. துணியில் அப்போதுதான் தொடங்குகிறது. திரையில் வெட்டுப்பட்ட கோட்டுக்கு எந்தச் செலவும் இல்லை. துணியில் ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு நூல்முனைகள். முனையில் ஊசி நின்று, நுண்ணிய தையல்கள் சிலவற்றைப் போட்டு இறுக்கி, நூலை அறுத்து, அடுத்த இடத்துக்குப் போய், பாபினில் இருக்கும் அடிநூலை மேலே இழுத்து, மறுபடி இறுக்கித் தொடங்க வேண்டும். அதே 15 சென்டிமீட்டர் வட்டத்தைச் சுற்றி அரை அங்குல இடைவெளியில் குறுக்குக் கட்டக் கோடுகள் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு திசையில் 12 கோடுகள், மறு திசையில் 12 கோடுகள் வட்டத்தில் வெட்டுப்படும். 24 வெட்டுகள், 48 முனைகள். இப்படி 20 கட்டங்கள் உள்ள போர்வையில் 960 கட்டுகள். ஒன்று சரியாக இறுகாவிட்டாலும் சலவையில் அவிழும். போர்வையைத் திருப்பிப் பார்த்தால் அடித்துணியில் பூக்களைச் சுற்றிச் சிறு சிறு நூல் மொட்டுகள் வரிசையாகத் தெரியும்.

இன்னொரு தொல்லையும் சேரும். வடிவத்தின் ஒரு சுருள் எல்லையை லேசாக உரசிக்கொண்டு போகும் இடத்தில், வெட்டியபின் இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள துணுக்கு ஒன்று மிஞ்சும். அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்றால் ஒரு தையலின் நீளமே இரண்டரை மில்லிமீட்டர். ஒரு தையல்கூடக் கொள்ளாத துணுக்குக்கு இரண்டு கட்டுகள்! கணினிக்கு அதுவும் ஒரு கோடுதான். கேட்டால் சிரத்தையாகத் தைத்துத் தரும். அத்தகைய துணுக்குகளைத் தேடி அழிப்பது மனிதரின் வேலை.

கட்டுகளைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. கோடு விளிம்பைத் தொட்டதும் நிற்காமல், விளிம்பை ஒட்டியே நடந்து, அடுத்த கோடு தொடங்கும் இடத்தை அடைந்து, அதில் ஏறிப் போய்விடலாம். கையால் தைத்த பெண்கள் பஞ்சுக்குள் ஊசியை நகர்த்தியதற்கு இயந்திரத்தின் மாற்று இதுவே. ஆனால் இயந்திரத்தின் நடை வெளியே தெரியும். இங்கே 1736-இல் கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி எழுதிய லியோன்ஹார்ட் ஆய்லர் வந்து நிற்கிறார். கை எடுக்காமல், போன வழியே மீண்டும் போகாமல் ஒரு வலையை வரைந்து தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டுமானால், ஒவ்வொரு சந்திப்பிலும் கூடும் வழிகள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பது அவர் கண்டது. நம் பூவின் விளிம்பில் ஒவ்வொரு வெட்டுப் புள்ளியிலும் கூடுபவை மூன்று வழிகள்: வந்து முட்டும் கோடு, விளிம்பின் இடப்பக்கம், வலப்பக்கம். மூன்று ஒற்றைப்படை. ஆக, விளிம்பு முழுவதையும் ஒரே ஒரு முறை தைத்து எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் முடிக்க இயலாது. விளிம்பின் 48 துண்டுகளில் ஒன்றுவிட்டு ஒன்றை இருமுறை தைத்தால் எல்லாச் சந்திப்பும் நான்கு வழி ஆகிவிடும். ஒரே நூலில் முடித்துவிடலாம். இருமுறை தைத்த துண்டுகளில் நூல் தடிக்கும். ஒன்றுவிட்டு ஒன்றைத் தைக்காமலே விட்டாலும் இரட்டைப்படை வரும். அப்போது கோடுகள் தனித்தனிச் சுற்றுகளாகப் பிரிந்துபோக வாய்ப்புண்டு. கட்டு, தடித்த விளிம்பு, பிரிந்த சுற்றுகள். ஆய்லரின் கணக்கு நான்காவது வழி எதையும் தருவதில்லை.

எதைத் தேர்வது என்பதில் என் கருத்து உறுதியானது. பின்னணித் துணியின் நிறத்திலேயே மெல்லிய நூல் என்றால் விளிம்பை ஒட்டி நடக்க விடுங்கள். பூவின் ஓரத்து நிழலில் இரட்டைத் தையல் மறைந்துவிடும். போர்வையும் உறுதியாக இருக்கும். வெள்ளைத் துணியில் கருநீல நூல் என்றால் கட்டுகளின் சிரமத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். மாறுபட்ட நிறத்தில் தடித்த விளிம்பு பூவைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டது போலாகிவிடும். ஒவ்வொரு சிறு இதழுக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள சந்துகளில் எல்லாம் பின்னணியைத் திணிக்க முயல்வதும் வீண். பூ, இலை, தண்டு மூன்றையும் சுற்றி ஒரே எல்லை போட்டு, உள்சந்துகளைக் கையால் ஓட்டித் தைப்பவர்களின் வேலை எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது.

கணிதம் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் துணி தன் போக்கில் போகும். தைக்கத் தைக்கப் பஞ்சு அமுங்கி, துணி உள்ளிழுக்கப்பட்டு, போர்வை சுருங்கும். காலையில் பதிவு செய்த பூ மாலையில் அதே இடத்தில் இருப்பதில்லை. கழுத்து 26 அங்குலம் இருந்தாலும், தைத்த பகுதி சுருண்டு ஏறும் உருளை இடத்தை அடைத்துக்கொள்வதால் ஒரு நேரத்தில் கைக்கு எட்டும் பரப்பு அதைவிடக் குறைவு. உருளையைச் சுழற்றி அடுத்த பகுதிக்குப் போகும்போது கணினி அறிந்த இடமும் துணியின் உண்மையான இடமும் விலகும். ஆகவே முதலில் பூவின் ஓரத்தை ஒட்டி ஒரு சுற்றுத் தைத்து அதை நிலைநிறுத்திவிட்டு, பின்னணி தைக்கப்போகும் நேரத்திலேயே எல்லையைப் பதிவது நல்ல முறை. முழுப் போர்வையின் பூக்களையும் முதல் நாளே பதிந்து வைத்துக்கொள்வது நேர மிச்சம் அல்ல.

மறைப்பு செய்யும் இன்னொரு வேலை உருவத்தைத் தூக்கிக் காட்டுவது. சுற்றிலும் அடர்ந்த தையல் பஞ்சை அமுக்க, தையல் விழாத பூ மேலே எழும்பும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அதன் நிழல் தெளிவாக விழும். உருவத்தை எழுப்பிக் காட்டும் ஆசை மிகப் பழையது. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் தைக்கப்பட்டு, இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் டிரிஸ்டன் குவில்டில் வீரர்களும் கப்பல்களும் இப்படித் திணித்த பஞ்சால் எழும்பி நிற்கிறார்கள். ஆனால் தையல் இல்லாத இடத்துக்கு ஓர் உச்ச அளவு உண்டு. பஞ்சுத் தகட்டைத் தயாரிப்பவர்கள் அதை அட்டையிலேயே அச்சிடுகிறார்கள்; வார்ம் அண்ட் நேச்சுரல் என்ற பருத்திப் பஞ்சுக்கு அது 10 அங்குலம். சில வகைகளுக்கு மூன்று நான்கு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மறைத்த பூ அதைவிடப் பெரிதானால் சலவையில் பஞ்சு உள்ளே நகர்ந்து திரளும். அப்போது பூவின் நரம்புகளைத் தனியாகத் தைத்துத்தான் ஆக வேண்டும்.

இயந்திரத் தையல் கலையாகுமா என்ற சர்ச்சை அமெரிக்கக் குவில்ட் உலகில் நெடுநாள் நடந்தது. 1989-இல் கென்டக்கி மாநிலத்தின் படூக்கா நகரில் அமெரிக்கக் குவில்ட்டர் சங்கம் நடத்திய கண்காட்சியில், கேரில் பிரையர் ஃபாலர்ட் இயந்திரத்தில் தைத்த சூரிய கிரகணக் குவில்ட் முதன்மைப் பரிசை வென்றது. இயந்திரத்தில் தைத்த ஒன்று அங்கே அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. கணினி ஓட்டும் தையலைப் பற்றியும் இன்று அதே கேள்வியைக் கேட்கிறார்கள். என் பார்வையில் விடை விளிம்புகளில் இருக்கிறது. கோட்டை எங்கே நிறுத்துவது, எந்தத் துணுக்கை அழிப்பது, கட்டா தடிப்பா என்று ஒவ்வொரு பூவுக்கும் ஒரு மனிதர் முடிவெடுத்திருந்தால் அது அவருடைய வேலை, மோட்டார் யாருடையதாக இருந்தாலும்.

இத்தகைய மென்பொருளை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மறைப்பு வசதி இருக்கிறதா என்று கேட்டால் விற்பவர் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். வெட்டிய துண்டுகளை அது எப்படிக் கோக்கிறது, விளிம்பில் நடக்கவும் நின்று கட்டவும் நாமே தேர்ந்தெடுக்க முடியுமா, சிறு துணுக்குகளைத் தைக்கும் முன் காட்டித் தருமா என்று கேளுங்கள். பிறகு அதில் தைத்த ஒரு போர்வையை வாங்கி, திருப்பிப் போட்டு, அடித்துணியைப் பாருங்கள்.